ஒளிமேசை

கடிதத்தில் மூன்றே வரி.
'இயல்புக்கு மாறாக எதுவும் காணப்படவில்லை.
அடுத்த பரிசோதனை மூன்று ஆண்டுகள் கழித்து.'
மூன்றாவது, இதற்குக் கையொப்பம் தேவையில்லை என்பது.

காணப்படவில்லை.
யார் காணவில்லை?

பதினேழு வருடங்களாக மீன் பார்க்கிறேன்,
போட்ஸ்ஃபியூர்ட் துறைமுகத்தில், இரண்டாவது ஷெட்டில்.
கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் கண்ணாடி மேசை.
தோலுரித்த காட் மீன் துண்டு அதன்மேல் வழுக்கி வந்து
பனிக்கட்டிக்குள் விளக்கேற்றியதுபோல் ஒரு கணம் துலங்கும்.
அதற்குள் புழு உண்டா என்று சொல்லிவிட வேண்டும்.
பழுப்பு நூல் சுருண்டு கிடக்கிற மாதிரி இருக்கும்.
இருந்தால் இடுக்கி.
இல்லையென்றால் போகட்டும்.

நிமிடத்துக்குப் பதினான்கு துண்டு.
காலை ஏழு மணிக்கு என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.
பத்தரைக்குக் காபி.
இரண்டு மணிக்குமேல், சத்தியமாகச் சொல்கிறேன்,
நான் பார்ப்பது மீனையல்ல,
முன்னால் போன மீன்கள் கண்ணில் விட்டுப்போன வெள்ளையை.
ஐந்து புழுவில் ஒன்று தப்பும். சில நாள் இரண்டு.
அந்தப் பெட்டியிலும் 'பரிசோதிக்கப்பட்டது' என்றுதான் முத்திரை.
முத்திரை பொய்யில்லை.
பார்த்தோம்தான்.

ஆகஸ்டில் கடிதம். அக்டோபரில் இரத்தம்,
மாதக் கணக்கில் சேராதது.
எய்வின் எழுந்து விளக்கைப் போட்டான்.
விரிப்பைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
நான் கடிதத்தைச் சொன்னேன்.
அவன் விளக்கை அணைக்கவில்லை.

மருத்துவர் வீட்டு வரவேற்பில் மாக்ன்ஹில்ட்,
அவள் மகனும் என் மகனும் ஒரே கால்பந்து அணி.
திரையைத் திறந்தாள். 'எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது, தூர்டிஸ்.'
'பார்த்தது யார்?'
'ஆய்வகம்.'
'ஆய்வகத்துக்குக் கண் கிடையாது.
யார்? எத்தனை மணிக்கு?
அன்றைக்கு அது எத்தனையாவது கண்ணாடி?'
அவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

சண்டைக்கு வரவில்லை, மாக்ன்ஹில்ட்.
எங்கோ தெற்கே, நுண்ணோக்கியில் குனிந்திருக்கும் ஒருத்தியை
நலம் விசாரிக்க வந்தேன்.
கழுத்து வலிக்குமே அவளுக்கு.
வெள்ளிக்கிழமை மாலையாக இருந்திருக்குமே.

மருத்துவர் மறுபடி எடுத்தார்.
கூரையில் ஒட்டியிருந்த பஃபின் பறவையை எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன்,
ஒரே பறவை, பலமுறை.
ஹம்மர்ஃபெஸ்டில் நேரில் பார்க்க ஆறு வாரம் என்றார்.
'பயப்பட ஒன்றுமில்லை' என்று தொடங்கி
வாக்கியத்தை முடிக்காமல் கையுறையைக் கழற்றினார்.
அதற்காக அவரைப் பிடித்துப்போனது.

செவ்வாயன்று ஆய்வகத்திலிருந்து ஒரு ஆண் குரல்:
'பழைய கண்ணாடியை எடுத்திருக்கிறோம்.
இந்த முறை இரண்டு பேர் பார்ப்பார்கள்.'
'முன்பு பார்த்தவர் என்ன சொன்னார் என்று அவர்களுக்குத் தெரியுமா?'
மறுமுனையில் ஏதோ இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.
'தெரியும். திரையிலேயே இருக்கும்.'
'மறைத்துவிடுங்கள்.'

யுர்கிதா, லித்துவேனியாக்காரி, எனக்கு அடுத்து நிற்பவள்.
நான் பார்த்து விட்ட துண்டு என்றால் அவள் கண் பாதி உறங்கும்.
அவள் பார்த்தது என்றால் என்னுடையதும்.
சேர்ந்து சாப்பிடுகிறோம், சேர்ந்து குளிரில் பஸ்ஸுக்கு நிற்கிறோம்,
நம்பாமல் எப்படி?
மேசையில் மட்டும் அது
கண்ணில் விழும் பூ.

சூரியன் நேற்றோடு போய்விட்டது,
இனி ஜனவரியில்தான்.
ஊரில் மிச்சமிருப்பது விளக்குகள்.

இன்றைக்கு, மூன்று மணி இருக்கும்,
யுர்கிதா கையைத் தாண்டி வந்த ஒரு துண்டின் ஓரத்தில்
மங்கலாக ஒரு கோடு.
புழுவா, இரத்தக்கட்டா, என் கண்ணின் களைப்பா,
தெரியவில்லை.
பதினேழு வருடத்தில் முதல்முறையாக
பெல்ட்டை நிறுத்தினேன்.

ஷெட் முழுக்கத் திடீரென்று காது கேட்டது.
எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.
நான் துண்டைப் புரட்டி
மறுபடி வெளிச்சத்தின்மேல் வைத்தேன்.